சுவரில் மாட்டிய பார்மசிஸ்ட்

அவளுக்கு லேபிள் என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஷாம்பு வாங்கப் போனாலும் பாட்டிலைத் திருப்பிப் பின்னால் இருப்பதைக் கடைசி வரி வரை படிப்பாள். பிஸ்கட் பாக்கெட், துணி சோப்பு, பஸ்ஸில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு, எதையும் விட மாட்டாள். "சீக்கிரம் வாடி, கடையைச் சாத்தப் போறான்" என்று நான் பல்லைக் கடித்தால், "இரு, இதுல என்ன கலந்திருக்குன்னு தெரிய வேணாமா?" என்பாள். அப்படிப்பட்டவளின் பெயரைத்தான், அவள் கண்ணால் பார்த்தேயிராத மாத்திரைகளுக்கெல்லாம் பொறுப்பு என்று ஒரு சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். கோபம் கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் எம்.ஃபார்ம் படிக்க வெளிநாடு வந்தவர்கள். ஒரே வகுப்பு, ஒரே அறை. அறை என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கட்டில் போட்டதும் இடம் தீர்ந்துவிட்டது. மேஜை ஒன்றுதான், காலையில் யார் முதலில் எழுகிறாளோ அது அவளுக்கு. ஜன்னல் ஒரு சாண் அளவுக்குத்தான் திறக்கும். அடுப்படியில் ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரு அடுப்பு, பாத்திரத்தில் லேசாகப் புகை வந்தால் போதும், கூரையில் இருக்கும் அலாரம் ஊரைக் கூட்டிவிடும். ஊரில் இருந்து போன் வந்தால் இவள் காமிராவை நல்ல சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, "ரொம்ப வசதியா இருக்கும்மா" என்பாள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படிப்பு நேரம் போக அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மருந்துப் பக்கம் அல்ல. அங்கே ஷாம்பு, டயபர், டூத் பிரஷ் இவற்றை அலமாரியில் அடுக்கும் வேலை. பி.ஃபார்ம் முடித்து, பதிவு செய்த பார்மசிஸ்ட் அவள். ஆனால் அந்தக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு தலைவலி மாத்திரையைக்கூடத் தொட விடமாட்டார்கள். இந்த நாட்டில் பதிவு வேண்டும் என்பார்கள். அதற்கு இங்கே ஒரு பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பரீட்சை எழுத, ஊரில் இருக்கும் பார்மசி கவுன்சில் 'இவர் மேல் எந்தப் புகாரும் இல்லை' என்று எழுதித் தர வேண்டும். ஒருநாள் வயதான ஒருவர் இருமல் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு இவளிடம் ஏதோ கேட்டாராம். பதில் இவளுக்கு நுனிநாக்கில் இருந்தது. "கவுண்டர்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டு டயபர் அடுக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அறைக்கு வந்து பையைக் கட்டிலில் எறிந்தாள். "அடுத்த வருஷம் நான் அந்தப் பக்கம் நிப்பேன் பாரு" என்றாள். அவள் இந்த நாட்டுக்கு வந்ததே அதற்காகத்தான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தச் சுவர்க் கதைக்கு வருகிறேன். ஊரில் அவள் அண்ணன் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். வியாபாரத்தில் புலி. பார்மசி படித்தவர் இல்லை. கடை நடத்த ஒரு பார்மசிஸ்ட் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி உங்களுக்கும் தெரிந்திருக்கும். படித்தவரின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் இருக்கும், படித்தவர் எங்கேயோ இருப்பார். இவளுக்குப் பதிவு ஆன அன்றே அண்ணன் பிரேம் போடக் கொடுத்துவிட்டாராம். அவருடைய கல்யாணப் படத்தைவிடப் பெரிய பிரேம்.

இவள் சும்மா இருக்கவில்லை. தானும் கடையில் உட்கார்வேன் என்று போனாள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினாள். போன தடவை சாப்பிட்ட பச்சை மாத்திரையைக் கொடு என்றவரிடம், என்ன மாத்திரை, எதற்கு என்று குறுக்கு விசாரணை செய்தாள். சனங்கள் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "நீ ஏன் பாப்பா இங்க வந்து கஷ்டப்படுற? வீட்ல இரு. உன் பேரு இருந்தா போதும்" என்றாராம். பாப்பா! பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவளுக்கு அந்த வீட்டில் பெயர் பாப்பா. அவளும் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு விமானம் ஏறி இங்கே வந்துவிட்டாள். அவள் வந்துவிட்டாள், அவள் பெயர் வரவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு அவள் மேலும் கோபம் உண்டு. கிளம்பும்போதே சான்றிதழைக் கையோடு கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டாமா? கேட்டால், "சொன்னேன்டி. வேற ஆள் பாத்து மாத்திடறேன்னு சொன்னான்" என்பாள். ஊரெல்லாம் லேபிள் படிக்கிறவள், அண்ணன் சொன்னால் மட்டும் அப்படியே விழுங்கிவிடுவாள்.

இங்கே எங்களுக்குச் செய்முறை வகுப்பு ஒன்று உண்டு. ஒரு பெரிய அறையில் நிஜக் கடை மாதிரியே கவுண்டர், அலமாரி, காலி மருந்துப் பெட்டிகள் எல்லாம் வைத்திருப்பார்கள். ஒருவர் பார்மசிஸ்ட், மற்றவர்கள் உதவியாளர்கள், வெளியே இருந்து வரும் ஒரு நடிகை நோயாளி. வாசலில் ஒரு பலகை இருக்கும். அன்றைக்குப் பொறுப்பில் இருக்கும் பார்மசிஸ்ட் தன் பெயரை அதில் செருக வேண்டும். அன்று லேபிளின் முறை. பெயரைச் செருகிவிட்டு, தண்ணீர் குடிக்க வெளியே போனாள். அந்த நேரம் பார்த்து நோயாளி வர, நான் மாத்திரைப் பெட்டியை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினேன். வகுப்பு எடுக்கும் மேடம் மேஜையை ஓங்கித் தட்டினார். பார்மசிஸ்ட் வெளியே இருக்கிறார், அந்தப் பெட்டியை எப்படிக் கொடுக்கலாம், பலகையில் இருக்கும் பெயரா பதில் சொல்லும் என்று என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். லேபிள் ஈர வாயோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். மேடம் எங்கள் பக்கம் திரும்பி, உங்கள் நாட்டில் இது எப்படி என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருந்தோம். எல்லோரும் மருந்துப் பெட்டிகளை மும்முரமாக அடுக்க ஆரம்பித்தோம். லேபிள்தான், சான்றிதழைச் சுவரில் மாட்டுவோம் என்றாள். சரி, ஆள் எங்கே இருப்பார் என்று கேட்டார் மேடம். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தாலும் எனக்கு எரிகிறது. ஆனால் கேட்ட கேள்வியில் தப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

அன்று மாலையே லேபிள் அண்ணனைக் கூப்பிட்டாள். அதைக் கழற்று, இல்லாவிட்டால் நானே கவுன்சிலுக்கு எழுதுவேன் என்றாள். அண்ணன் அடுத்த மாதம் என்றார். அவள் விடவில்லை. உடனே போன் கை மாறி அம்மாவிடம் போயிற்று.

"ஏன்டி, கடையை இழுத்து மூடச் சொல்றியா? சுவத்துல ஒரு ஓரமா தொங்குது. அது உன்னை என்ன பண்ணுது?"

"அது என் பேரும்மா."

"உன் பேரு எங்க பேரு இல்லையா? பேரு வச்சதே நாங்கதானே?"

லேபிள் அடுத்த மாதத்துக்கு ஒப்புக்கொண்டாள். அடுத்த மாதம் வருவதற்குள் டெய்லரக்காவுக்கு அப்படி ஆகிவிட்டது.

டெய்லரக்கா கடைக்கு எதிர்வரிசையில் தையல் மெஷின் போட்டிருப்பவர். லேபிள் போட்டிருந்த சுடிதார் எல்லாம் அவர் தைத்ததுதான். கொஞ்ச நாளாக விரல் மூட்டெல்லாம் வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் இருந்தார். பெரிய டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்க லேபிளின் அண்ணன் கடைக்கு வந்திருக்கிறார். தெரிந்த கடை, நம்ம பாப்பா பேர் போட்ட கடை.

அந்த மாத்திரை மூட்டுவாதத்துக்கு நல்ல மருந்து. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் விஷம். ரத்தம் ஊறுவதே நின்றுபோகும். பார்மசி படிக்கிற எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், அந்த அளவுக்கு எங்கள் மண்டையில் ஏற்றியிருக்கிறார்கள். டாக்டரும் சீட்டில் வாரம் ஒன்று என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் நம் ஊர் மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தரும் காகிதக் கவரைப் பார்த்திருப்பீர்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். கடைக்காரர் கட்டத்தில் டிக் அடித்துக் கொடுப்பார். கிழமைக்கு அதில் கட்டமே கிடையாது. அண்ணன் கை பழக்கத்தில் அட்டையைக் கத்தரித்தது, கவரில் போட்டது, காலைக் கட்டத்தில் ஒரு டிக் அடித்தது. டெய்லரக்காவும் தினமும் காலையில் ஒன்று, ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று சனிக்கிழமை காலை. லேபிள் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள். அண்ணன் வீடியோவில் வந்தார். நலம் விசாரித்தார், குளிர் எப்படி என்றார். இவளுக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது, அண்ணன் குளிரைப் பற்றியெல்லாம் விசாரிக்கிற ஆள் இல்லை.

"ஒண்ணும் இல்ல பாப்பா. டெய்லரம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. வாயெல்லாம் புண்ணு, காய்ச்சல், தண்ணிகூட இறங்கலையாம். என்னன்னு டாக்டருக்கே புரியல. அவங்க பொண்ணு நம்ம மாத்திரை மேல சந்தேகப்படுது. நீ ஒரு போன் போட்டு, அது அலர்ஜி, சில உடம்புக்கு அப்படித்தான் ஆகும்னு சொல்லிடு. நீ வெளிநாட்டுல படிக்கிறவ, உன் பேச்சக் கேக்கும்."

"என்ன மாத்திரை குடுத்த?"

"டாக்டர் எழுதினதுதான். மூட்டுக்கு."

அவள் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி, அதுவா என்று கேட்டாள். அண்ணன் ஆமாம் என்றார்.

"எந்தக் கிழமை சாப்பிடச் சொன்ன?"

"கிழமையா? தினமும்தான். காலைல ஒண்ணு."

சீப்பு தலையிலேயே நின்றது. கவர் எங்கே என்று அவள் கேட்டாள். மாற்று மாத்திரை தருவதாகச் சொல்லிக் கவரையும் சீட்டையும் வாங்கி வந்துவிட்டதாக அண்ணன் சொன்னார். சமயோசிதமாகச் செய்துவிட்டேன் என்கிற குரலில் சொன்னார். அங்கே ஒரு மனுஷி செத்துக்கொண்டிருக்கிறாள், என்ன மருந்தால் சாகிறாள் என்று வைத்தியம் பார்க்கிறவருக்குத் தெரியவில்லை, தெரிவிக்கக்கூடிய காகிதம் இவர் சட்டைப்பையில். எனக்கு அந்தப் போனுக்குள் கையை விட்டு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"அண்ணா, அதுக்கு முறிவு மருந்து இருக்கு. உடனே போட்டா பிழைப்பாங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர்கிட்ட சொல்லு."

"நான் போய்ச் சொன்னா நான் குடுத்தேன்னு ஆயிடாதா?"

"நீதானே குடுத்த?"

"சட்டப்படி நீதான் பாப்பா குடுத்த" என்றார் அண்ணன். மிரட்டலாகக்கூட இல்லை, பாசமாகத்தான் சொன்னார். "உன் பேருதான இருக்கு? உன் படிப்பு, உன் பரீட்சை எல்லாம் வீணாப் போயிடும். உனக்காகத்தான் சொல்றேன்."

அம்மா குறுக்கே வந்தார். அழுதார். ஒரே ஒரு வார்த்தை, அலர்ஜி என்று ஒரு வார்த்தை சொன்னால் குடும்பம் பிழைக்கும் என்றார். லேபிள் போனை அணைத்தாள்.

அவள் உடனே வீராவேசமாகக் கிளம்பிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். "என் பேரு போயிடும்டி" என்றாள். "இந்தப் படிப்பு, இங்க வந்தது, எல்லாம் போயிடும். கவுன்சில்ல எனக்கு எழுதித் தர மாட்டாங்க." போன் போடு என்று சொல்வது எனக்குச் சுலபம். போகப் போவது என் பெயர் இல்லையே. அதனால் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ காரை ஸ்டார்ட் செய்ய முடியாமல் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்பதற்குள் அவள் டெய்லரக்காவின் மகளைக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்தப் பெண் எடுத்ததுமே, "அக்கா, அம்மாவைப் பாக்க முடியலக்கா" என்று அழுதது. லேபிள் ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு நேரம் இல்லை.

"அழாத, நான் சொல்றத அப்படியே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு. போனை அவர்கிட்டயே குடுத்தாலும் சரி. அம்மா சாப்பிட்டது வாரத்துக்கு ஒண்ணு சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் சாப்பிட்டிருக்காங்க." மாத்திரையின் பெயரையும் முறிவு மருந்தின் பெயரையும் இரண்டு முறை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அந்தப் பெண்ணைத் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

"டாக்டர் வாரத்துக்கு ஒண்ணுன்னுதான் எழுதினாரா?"

"ஆமா. தினமும்னு எந்த டாக்டரும் எழுத மாட்டாங்க."

"அப்போ தினமும்னு யாரு குடுத்தது?"

அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. இவள், "எங்க கடை. என் பேர்ல இருக்கிற கடை" என்றாள். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், ஓடுகிற சத்தம், யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

டெய்லரக்கா பிழைத்துவிட்டார். சும்மா பிழைக்கவில்லை. முடி கொட்டி, உடம்பு பாதியாகி, மாதக்கணக்கில் படுத்துப் பிழைத்தார். அந்தப் பெண் லேபிளை மறுபடி கூப்பிடவில்லை. புகார் கொடுத்தது. கொடுக்கத்தான் வேண்டும், நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். அதிகாரிகள் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். கவுன்சில் லேபிளை வீடியோவில் விசாரித்தது. அன்று நல்ல சுவர்ப் பக்கமாகக் காமிராவைத் திருப்ப அவளுக்குத் தோன்றவில்லை. துணி காயப்போட்ட கொடி பின்னால் தெரிய உட்கார்ந்து பேசினாள். சம்பவத்தன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். இங்கே என்றாள். வெளிநாடு வருவதற்கு முன் கடையில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். சில வாரம் இருந்தேன், பிறகு என் பெயர் மட்டும் இருந்தது, அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விட்டேன் என்றாள். வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னோம், கேட்கவில்லை. பதிவை ரத்து செய்தார்கள்.

செய்தது சரிதான். ஆனால் விசாரித்த அந்தப் பெரியவர்களில் எத்தனை பேர் வீட்டு மருமகள், மச்சினி சான்றிதழ் எந்தெந்தச் சுவரில் தொங்குகிறதோ, யாருக்குத் தெரியும்? நான் வீதி வீதியாகப் பார்த்து வளர்ந்தவள். பார்க்காத மாதிரி இருக்க அவர்களால் முடிகிறது, மாட்டிக்கொண்டவளுக்குப் பாடம் எடுக்கவும் முடிகிறது. விசாரணையில் ஒருவர் அவளுக்கு அறிவுரை வேறு சொன்னார். நான் அறையை விட்டு வெளியே போய் அடுப்படியில் நின்றேன், இல்லாவிட்டால் காமிராவுக்குள் தலையை நீட்டியிருப்பேன்.

பட்டம் வாங்கினோம். நான் பரீட்சை எழுதினேன், கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். அவள் அதே கடையில், அதே அலமாரியில் டயபர் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் அவளோடு பேசுவதில்லை. அம்மாவும் நிறுத்திவிட்டார். பெற்ற பெண் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அழுதாராம். தெருவில் யாரும் நிற்கவில்லை. அண்ணன் மனைவி பெயரில் புது லைசென்ஸ் வாங்கி, எங்கிருந்தோ இன்னொரு பெண்ணின் சான்றிதழைக் கொண்டுவந்து மாட்டி, கடையைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் முன்பைவிட அதிகம் என்று கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது. அம்மா. எத்தனையோ மாதம் கழித்து அம்மா. லேபிள் கையில் இருந்த போர்வையைக் கீழே போட்டுவிட்டு எடுத்தாள்.

அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. திரையில் ஒரு காகிதக் கவரையும் ஒரு மாத்திரையையும் ஒட்டிப் பிடித்தார்.

"முட்டி வலி தாங்கலடி. அண்ணன் இந்த மாத்திரையக் குடுத்தான். சாப்பிடலாமா, பாத்துச் சொல்லு."

லேபிள் முகம் சிவந்துவிட்டது. "கடையிலயே கேளும்மா. புதுசா ஒரு பார்மசிஸ்ட் மாட்டியிருக்கீங்களே."

"அவ எந்த ஊர்ல இருக்காளோ, யாரு கண்டா?"

"அப்போ அண்ணனைக் கேளு."

"அவனுக்கு என்னடி தெரியும்?" என்றார் அம்மா.

"டெய்லரக்காவுக்கும் அவன்தாம்மா குடுத்தான்."

அம்மா கையில் இருந்த மாத்திரையைக் கவருக்குள் திரும்பப் போட்டார்.